தறிக்கூடத்துக்குள் யாரை விட்டார்கள்?

சங்கக் கூட்டத்தில் சாதிப் பேச்சை எடுத்தாலே, "தோழர், ஒற்றுமை உடைஞ்சிடும்" என்று யாராவது கையமர்த்திவிடுகிறார்கள். பேசுவதற்கு முன்பே அது உடைந்துதான் கிடந்தது என்பதற்குப் பம்பாய் பஞ்சாலைகளே சாட்சி.

அங்கே நெசவுப் பிரிவில் கூலி அதிகம். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவில் நூல் தீர்ந்ததும் புதுத் தாரை (நூல் சுற்றிய குழலை) போட்டு, நூல் நுனியைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அவ்வளவுதான், தலித்துகளுக்குத் தறிக்கூடமே மூடிப்போனது. கூலி குறைந்த நூற்புப் பிரிவோடு நிற்க வேண்டியதாயிற்று. இதைக் கூலிப் பிரச்சினை என்பதா, சாதிப் பிரச்சினை என்பதா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, பிரிக்கவும் கூடாது.

1928-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தறிக்கூடத்தில் தலித்துகளுக்கும் வேலை வேண்டும் என்பதைக் கோரிக்கையில் சேர்க்கச் சொன்னார் அம்பேத்கர். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். அந்தத் தயக்கம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பத்து வருடம் கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாடு. பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே நம் எதிரிகள் என்றார் அம்பேத்கர். போர்ட்டர் வேலை தலித்துக்கு ஏன் கிடைப்பதில்லை என்றும் விளக்கினார்: ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவார்? அதனால் தலித்துக்குத் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் வேலையோடு சரி.

அதற்காக அவர் தனியே ஒதுங்கிவிடவில்லை. அதே வருடம் நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தே பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார்கள்.

சாதி, இனம், பாலினம் என்று பேசினாலே அதை 'அடையாள அரசியல்' என்று ஒதுக்குகிறார்கள். அந்தச் சொல்லை 1977-இல் தங்கள் அறிக்கையில் எழுதிய, அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கறுப்பினப் பெண்கள் குழுவினரும் தங்களை சோஷலிஸ்டுகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். வர்க்கத்தைக் கைவிட்டவர்கள் என்று அவர்களைத் திட்டுகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் கோரிக்கைப் பட்டியல் இப்போதுதான் தயாராகிறது. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது கடைசிப் பக்கத்தில், 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. அதை முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட இன்னும் ஆட்கள் வேண்டும்.