ஐந்து முடித்து ஆறில் சேரும் பிள்ளை: குமரி மாவட்டப் பெற்றோர் ஏப்ரல் முதல் ஜூலை வரை பார்க்க வேண்டியவை

ஐந்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் நம் ஊர்களில் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போறீங்க?" என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு உண்டு: பள்ளி எந்த வகை, பயிற்றுமொழி எது. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளை எங்கே, எந்த வழியில் படித்தது என்பதை வைத்துத்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பல சலுகைகள் கிடைக்கின்றன அல்லது கைவிட்டுப் போகின்றன. அப்போது வந்து கேட்டால் எந்தத் தலைமையாசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை.

பள்ளி முடித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் கிடைக்கும். உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டுமே. இந்த இடத்தில்தான் நம் மாவட்டத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே உதவி பெறும் பள்ளிகள் அதிகம். ஒரே மதிலுக்குள், ஒரே பெயர்ப்பலகையின் கீழ், உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் நடக்கும். சீருடையும் ஒன்று, தலைமையாசிரியரும் ஒருவர். பெற்றோர் "பிள்ளை உதவி பெறும் பள்ளியில்தான் படிக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆவணத்தில் அது சுயநிதிப் பிரிவாக இருக்கும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத விண்ணப்பிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் உதவித்தொகை அது. சுயநிதிப் பிரிவுப் பிள்ளைகள் அதை எழுத முடியாது. ஆகவே சேர்க்கைப் படிவம் வாங்கும்போதே "இந்தப் பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா?" என்று நேராகக் கேளுங்கள். சுயநிதி என்றால் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு விதி இன்னும் கடுமை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். ஐந்து வரை தமிழ் வழியில் வந்த பிள்ளையை ஆறில் ஆங்கில வழிக்கு மாற்றினால் அந்த வாசல் அன்றே அடைபடுகிறது. ஒன்றிலிருந்தே ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அது ஏற்கெனவே கிடையாது.

இவ்வளவையும் சொன்னதால் எல்லாரும் தமிழ் வழியிலேயே சேர்க்க வேண்டும் என்பது பொருளில்லை. பிள்ளையின் வாசிப்புத் திறன்தான் முதல் அளவுகோல், சலுகை அதற்கு அடுத்ததுதான். ஏப்ரல் மாதம் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடம் 'அளவீடுகள்'. பாடநூல் கழக இணையதளத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழிப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடி, சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள் அதே பக்கத்தை ஆங்கிலத்தில். வரிக்கு ஒரு சொல் முட்டினால் பரவாயில்லை, பழகிவிடும். வரிக்கு மூன்று சொல் முட்டி, பொருளும் சொல்ல வரவில்லை என்றால், ஆங்கில வழியில் அந்தப் பிள்ளை முதல் பருவம் முழுக்கக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடும். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட ஆறில் இப்படித்தான் சறுக்குகிறார்கள். கணக்குத் தெரியாமல் இல்லை, கேள்வி புரியாமல்.

எல்லைப் பகுதிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. களியக்காவிளை, அருமனை, விளவங்கோடு பக்கங்களில் கேரளப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே சேரும் பிள்ளைகள் உண்டு. அங்கே தொடக்கப் பிரிவு நான்காம் வகுப்போடு முடியும், ஐந்து முதல் ஏழு வரை அடுத்த பிரிவு. இங்கே ஐந்தோடு முடிந்து ஆறு முதல் எட்டு. வகுப்பு எண்ணில் வித்தியாசம் இல்லை, ஆகவே அங்கே ஐந்து முடித்தால் இங்கே ஆறுதான். சிக்கல் மொழியில். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் முதல் பாடம், ஆங்கிலம் இரண்டாம் பாடம். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதை விருப்பப் பாடமாகப் படிக்கலாம், தமிழுக்குப் பதிலாக அல்ல. மலையாளத்துக்கு ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் சிலவே, சேரும் முன் கேட்டுவிடுங்கள். தமிழ் எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கு ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் எழுத்தும் கூட்டி வாசிப்பும் முடித்துவிட வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை என்றால் இது நடக்கக்கூடியதே. ஜூனில் தொடங்கினால் முடியாது. அங்கிருந்து வரும் மாற்றுச் சான்றிதழில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். அதையும் கோடை விடுமுறைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அவசரமே இல்லை. எட்டு வரை அங்கேயே தொடரலாம், சான்றிதழ் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் பள்ளி இருந்து, ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணக்குக்கும் பட்டதாரி ஆசிரியர் இருந்தால், எங்கள் கருத்து: அங்கேயே இருக்கட்டும். "பெரிய பள்ளி" என்ற ஒரே காரணத்துக்காகப் பத்து வயதுப் பிள்ளையை இரண்டு பேருந்து ஏற்ற வேண்டாம். அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்ற நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை நினைப்பவர்கள் ஐந்தாம் வகுப்பின் நடுவிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஏப்ரலில் யோசித்தால் அந்த ஆண்டுக்கு இல்லை.

ஆவணங்களுக்கு வருவோம். இன்று சேர்க்கை எல்லாம் எமிஸ் (EMIS) என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு வழியாகத்தான். பழைய பள்ளி பிள்ளையின் பதிவை 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு விட வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி விடாவிட்டால் புதிய பள்ளியில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில் இருக்காது. புத்தகம், சீருடை, பேருந்துப் பயணம் எல்லாவற்றிலும் அது இடிக்கும். சில இடங்களில் அவசரத்துக்குப் புதிய எண் போட்டுவிடுவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். இரண்டு எண் வந்துவிட்டால் பிள்ளை ஐந்து ஆண்டு படித்த விவரம் ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று பிரிந்து கிடக்கும். பழைய பள்ளியில் எமிஸ் எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள கைபேசி எண் இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் பழைய எண் கிடப்பது இங்கே வாடிக்கை.

மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எட்டு வரை சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் ஏராளம் என்பதால் சட்டத்தைச் சொல்லி வாதாடுவதற்கு முன் பள்ளி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பயிற்றுமொழி, சாதி, மதம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்திலும் வீட்டில் வைத்த பெயர் இன்னோரிடத்திலும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும், பள்ளியில் தலைப்பெழுத்து மட்டும் முன்னால் இருக்கும். இதைத் திருத்த ஆறாம் வகுப்புதான் நல்ல நேரம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தால், பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயர் சேர்த்துவிட வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சில சமூகப் பெயர்கள் அரசுப் பட்டியலில் குமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் உரியவை. பள்ளிப் பதிவேட்டில் வீட்டில் சொல்லும் பெயரை எழுதாமல், பட்டியலில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

இனி பாடம். ஆறில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று அதே ஐந்துதான். மாறுவது, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வருவது. ஐந்து வரை ஒரே ஆசிரியரிடம் இருந்த பிள்ளைக்கு, யார் எந்த வீட்டுப்பாடம் தந்தார் என்பதே குழம்பும். கால அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி, இரவே பையை அடுக்கும் பழக்கம் வந்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். ஆண்டு மூன்று பருவம். ஒவ்வொன்றிலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வரும் தொகுத்தறி தேர்வுக்கு 60 மதிப்பெண். அந்த 40, செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் ஒட்டி வகுப்பிலேயே வருவது. ஜூலையில் நாலு நாள் மழைக்கு லீவு போட்டாலும் அதில் குறையும்.

அதிகம் கவனிக்க வேண்டியது கணக்கு. இப்போதுள்ள புத்தகத்தில் முதல் பருவத்திலேயே 'விகிதம் மற்றும் விகிதசமம்' வருகிறது. பின்னங்கள் வருவதோ மூன்றாம் பருவத்தில். அதாவது ஐந்தாம் வகுப்பில் படித்த பின்னத்தை வைத்துத்தான் ஆகஸ்டுக்குள் விகிதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 18/24-ஐச் சுருக்கத் தெரியாத பிள்ளைக்கு 18 : 24 என்பது 3 : 4 எப்படி ஆனது என்று புரியாது. அலகு மாற்றமும் அப்படியே. 90 செ.மீ.க்கும் 1.5 மீட்டருக்கும் விகிதம் கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 90 : 1.5 என்று எழுதுவார்கள். 1.5 மீட்டரை 150 செ.மீ. ஆக்கி, 90 : 150, பிறகு 3 : 5 என்று வர வேண்டும். ஆகவே மே மாதம் புதுப் பாடம் எதையும் முன்கூட்டி நடத்த வேண்டாம். வாய்ப்பாடு 12 வரை, மூன்று இலக்கத்தை இரண்டு இலக்கத்தால் பெருக்கல், நான்கு இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல், பின்னம் சுருக்குதல், மீட்டர் சென்டிமீட்டர், கிலோ கிராம் மாற்றம். தினமும் அரை மணி நேரம், பத்துக் கணக்கு போதும்.

வடிவியலில் பாகைமானி. அதில் எண்கள் இரண்டு வரிசையாக, இரு பக்கத்திலிருந்தும் ஓடும். பிள்ளைகள் 120 பாகைக் கோணத்தை 60 என்று படித்துவிடுவது இதனால்தான். அளக்கும் முன் "இது செங்கோணத்தைவிடப் பெரிசா சின்னதா?" என்று கேட்டுப் பழக்கினால் இந்தத் தவறு நின்றுவிடும். அளவுகோலில் விளிம்பிலிருந்து அளக்காமல் பூஜ்ஜியக் கோட்டிலிருந்து அளக்கப் பழக்குங்கள். அறிவியல் முதல் பாடத்துக்கும் அதுவே தேவை.

வாசிப்பிலும் அடிப்படைக் கணக்கிலும் பின்தங்கி வருபவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் 'திறன்' வகுப்புகள் உண்டு. தொடக்கத்தில் நடக்கும் அடிப்படைத் தேர்வை வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் பெயர் வந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்து விலக்கிக் கேட்காதீர்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைக்கு வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

சாப்பாட்டையும் யோசியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், ஆறில் மதியச் சத்துணவு மட்டும்தான். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்திலிருந்து ஏழரைக்கே பேருந்து ஏறும் பிள்ளை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மதியம் வரை இருந்தால் மூன்றாம் பாடவேளையில் தலை தொங்கிவிடும். பள்ளி திறக்கும் முன்னால் ஒரு வேலை நாளில், பள்ளி நேரத்தில், பிள்ளையோடு அதே பேருந்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் காலை எட்டரைக்கு மேல் வண்டி எப்படி நிரம்புகிறது, எந்த நிறுத்தத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் போனால்தான் தெரியும். ஜூன் மழையில் சின்னப் பிள்ளை குடையும் பையுமாக நெரிசலில் ஏற முடியாமல் வண்டியை விடுவது வழக்கமாக நடப்பது.

சேர்த்த பிறகு வழி தவறாகத் தேர்ந்துவிட்டோம் என்று தோன்றினால் ஜூலை முடிவதற்குள் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பள்ளிக்குள்ளேயே பிரிவு மாற்றுவது அப்போது சுலபம், பாடமும் அதிகம் போயிருக்காது. மாற்றிய பின் எமிஸில் பயிற்றுமொழியும் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். வகுப்பறை மாறி, பதிவு மாறாமல் கிடந்தால் அடுத்த மாற்றுச் சான்றிதழில் பழைய வழியே அச்சாகி வரும்.