சான்றிதழில் காரணம் இருக்காது

அந்த அம்மாவின் இரண்டு நாள் தறிக்கூலி என்னால் போச்சு. அது இன்னும் உறுத்துகிறது.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில், வாங்க வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் போவது என் வேலை. வேறு மையத்துக்கு மாறினாரா, இறந்துவிட்டாரா, இறந்திருந்தால் எப்போது, எதனால் என்று விசாரித்து எழுத வேண்டும். இந்த முறை ஒரு விசைத்தறித் தொழிலாளி. வீடு சுலபமாகக் கிடைத்தது. "போய்ச் சேந்துட்டான் கண்ணு" என்றார் அம்மா.

இறப்புச் சான்றிதழ் வாங்கினால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்பி, அவரையும் கூட்டிக்கொண்டு பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகம் போனேன். அந்தப் பெயரில் யாருமில்லை என்று எழுத்தர் பதிவேட்டை மூடிவிட்டார். மையத்தில் மகன் கொடுத்திருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர்; ரேஷன் கார்டில் வேறு. மறுநாள் அப்பா பெயரை வைத்துத் தேடச் சொன்னோம், கிடைத்தது. வாங்கிப் பார்த்தால் பெயர், தேதி, இடம் எல்லாம் இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை. "அதெல்லாம் போட மாட்டோம்" என்றதோடு சரி. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவே, யாருக்குக் கொடுக்கும் நகலிலும் காரணம் வரக் கூடாது என்கிறது. எச்.ஐ.வி. உள்ள குடும்பங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா மறுபடி பஸ் ஏறியிருக்க மாட்டார்.

பதிவேட்டிலும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. வீட்டில் இறந்தால் கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர் 4ஏ படிவம் எழுதித் தர வேண்டும். இவரைக் கடைசியில் எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. 2020இல் நாடு முழுக்கப் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது. சான்று இருந்தாலும் "இதயம் நின்றது" என்றோ வெறும் டி.பி. என்றோ எழுதிவிட்டால் எய்ட்ஸ் கணக்கில் அந்தச் சாவு வராது.

ஆகவே புதிதாக வருபவர்கள் முதலில் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். அடையாள அட்டையைப் பைக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போகும்வரை மழை, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருங்கள். வீட்டாருக்கு ஏற்கெனவே தெரியும் என்று உறுதியாகாமல் நோயின் பெயரை எடுக்கவே கூடாது. அறிகுறியை மட்டும் கேட்டாலே போதும். தேதி கேட்டால் யாருக்கும் நினைவு வராது, நோம்பியை வைத்துக் கேட்டால் வரும். வைகாசியில் இருமலும் ராக்காய்ச்சலும், ஆனியில் இடுப்பைச் சுற்றி அக்கி, அப்புறம் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து கஞ்சிகூட இறங்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு எழுந்து உட்கார முடியவில்லை. எல்லாம் அம்மா சொன்னதுதான்.

பிறகு அவராகவே துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். உள்ளே மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம், மாத்திரை டப்பா. முறத்தில் கொட்டி எண்ணினோம். முப்பதில் இருபத்தாறு அப்படியே இருந்தது. கடைசியாக வாங்கிப் போன நாலாம் நாளே மகன் நிறுத்தியிருக்கிறார்.

நான் எழுதிக் கொடுத்ததை மைய மருத்துவர் இரண்டு முறை படித்தார். நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் பழைய சி.டி.4 அளவையும் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி., கூடவே டி.பி. இருந்திருக்கலாம் என்று மையத்தில் அவருக்கென்று இருக்கும் வெள்ளை அட்டையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். 'வரவில்லை' பட்டியலிலிருந்து அவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிட்டோம்.