கேஸ் எங்கே போச்சு?

ஏப்ரல் 9

ராத்திரி பதினொன்றரை. ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை. ரிமோட்டில் 22 என்று இருக்கிறது, அப்பா விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பதற்றத்தில் யாருக்கும் போன் செய்வதில்லை என்று போன வருஷமே முடிவு பண்ணியிருந்தேன். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். தூசி அடைத்தாலும் இதே கதைதான்: காற்று போகாது, உள்ளே காயிலில் (கேஸ் ஓடும் சுருள் குழாயில்) ஐஸ் கட்டும். ஆனால் ஃபில்டர் அவ்வளவு மோசமில்லை. பிறகு தெர்மாமீட்டரை எடுத்து, ஏசி காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கம் கொஞ்ச நேரம், காற்று வெளியே வரும் வாயில் கொஞ்ச நேரம் பிடித்தேன். 31, 28. நல்ல நிலையில் இருக்கும் ஏசியில் இந்த வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருக்கவேண்டும். எனக்கு மூன்று.

ஏப்ரல் 10

காலையில் வெளி யூனிட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு செம்புக் குழாயில் மெல்லியதன் மேல் வெண்பனி படர்ந்திருந்தது. கேஸ் குறைந்தால் இப்படி ஆகும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன். வந்து பார்க்க எவ்வளவு? வேலை கொடுத்தால் அதை மொத்தத் தொகையில் கழிப்பீர்களா? பலரும் இதைக் கேட்பதில்லை. பில் வந்த பிறகு கேட்டால் அது சண்டை.

வந்தவர் அழுத்தம் பார்க்கும் கேஜைக்கூட மாட்டவில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மி சார், ஃபில் பண்ணிடலாம். அரை மணி நேர வேலை" என்றார்.

அப்பா எழுந்து அலமாரிக்குப் போனார். நூல் கட்டிய ஒரு பழைய ஃபைல் எடுத்துவந்து இரண்டு பில்லை உருவி மேஜை மேல் வைத்தார். இரண்டிலும் ஒரே வரி: கேஸ் ஃபில்லிங். முதலாவது பதினொரு மாதம் தாங்கியது, அடுத்தது எட்டே மாதம்.

"தம்பி, போன தடவை போட்ட கேஸ் எங்கே போச்சு?"

"அது யூஸ் ஆகும் சார்."

அப்பா சிரித்துவிட்டார். பார்த்ததற்கான காசைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஏப்ரல் 11

யூஸ் ஆகாது. இதை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன், வீட்டில் யாராவது மறந்தால் காட்டலாம். ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே ஆவியாகி அறையின் சூட்டை வாங்கும், வெளியே திரவமாகி அதை விடும். கசிவு இல்லையென்றால் அத்தனையும் அங்கேயேதான் இருக்கும். ஃப்ரிட்ஜும் இதே சூத்திரம்தான். அப்பாவின் ஃபைலில் ஃப்ரிட்ஜுக்கு 14 வருஷத்தில் ஒரு கேஸ் பில்கூட இல்லை.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது பஞ்சர் டயருக்குக் காற்று அடிக்கிற வேலை. இரண்டு வருஷமாக அதற்குத்தான் அழுதிருக்கிறோம்.

வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தேன். ஆர்410ஏ என்ற கேஸ், 1.05 கிலோ. இது ஆர்32, ஆர்125 இரண்டையும் எடையில் பாதிக்குப் பாதி கலந்தது. தராசில் எடை வைத்துத்தான் போடவேண்டும். நம் இரண்டு பில்லிலும் எத்தனை கிராம் போட்டார்கள் என்று ஒரு எழுத்து இல்லை.

ஏப்ரல் 13

இன்று வந்தவர் வேறு ரகம். கையில் நைட்ரஜன் சிலிண்டர், வேக்யூம் பம்ப், சின்ன டிஜிட்டல் தராசு. பையில் அந்த மூன்றும் இல்லாதவரிடம் இனி கேஸ் பேச்சே இல்லை.

முதலில் டார்ச் அடித்து எண்ணெய்க் கறை தேடினார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் எண்ணெயும் கேஸோடு கொஞ்சம் சுற்றும் என்பதால் கசியும் இடத்தில் பிசுக்குப் பிடித்துத் தூசி ஒட்டியிருக்குமாம். உள் யூனிட்டுக்குப் பின்னால் குழாய் சேரும் ஃபிளேர் நட்டில் கறுப்பாக ஒரு வளையம். மிச்சமிருந்த கேஸை மீட்டு எடுத்துவிட்டு, நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையை பிரஷ்ஷால் தடவினார். மூவரும் மூச்சைப் பிடித்துப் பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் நட்டின் கீழ் விளிம்பில் கடுகு அளவில் ஒரு குமிழி, மெதுவாக மிளகு அளவுக்கு வளர்ந்து உடைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

"இதான் சார் உங்க ரெண்டு வருஷத்துக் காசு" என்றார்.

குழாய் நுனியை வெட்டி, புதிதாக ஃபிளேர் செய்து (புனல்போல் விரித்து), நட்டையும் மாற்றினார். மறுபடி நைட்ரஜன் ஏற்றி ஒரு மணி நேரம் விட்டார், கேஜ் முள் அசையவில்லை. பிறகு வேக்யூம் பம்பை நாற்பது நிமிஷம் ஓட்டினார். குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரஸருக்கு ஆபத்து என்றார். கடைசியாக சிலிண்டரைத் தராசில் வைத்து 1.05 கிலோ.

பில்லில் கூலி, நட், நைட்ரஜன், கேஸ் எல்லாம் தனித்தனி வரி. மொத்தம், ஒரு தடவை கேஸ் போட்டதைவிடக் கூட. இரண்டு தடவை போட்டதைவிடக் குறைவு.

அதிர்ஷ்டமும் உண்டு. கசிவு காயிலுக்குள் இருந்திருந்தால் காயிலையே மாற்றவேண்டி வரலாம், செலவு பல மடங்கு ஆகியிருக்கும்.

ஏப்ரல் 15

மாடி வீட்டு அக்கா படபடப்போடு வந்தார். அவர்கள் ஏசியில் வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, ஓடவில்லை. வந்தவர் கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லியிருக்கிறார். ஏசியிலேயே விலை கூடின பாகம் அதுதான். நேற்று எங்கள் வீட்டுக்கு வந்த ஆள் நம்பரைக் கொடுத்தேன்... நேற்று இல்லை, முந்தாநாள்.

அவர் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரைக் கழற்றி மீட்டரில் வைத்தார். மேலே 45 மைக்ரோஃபாரட் என்று அச்சு, மீட்டரில் 28. புதியதை மாட்டியதும் கம்ப்ரஸர் சமர்த்தாக ஓடியது. கம்ப்ரஸர் விலையோடு வைத்துப் பார்த்தால் கப்பாசிட்டர் சில்லறைக் காசு. பழையதை அக்கா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அதுவும் நல்ல பழக்கம்.

யாரும் இதை யூடியூப் பார்த்துத் தானே செய்யக் கிளம்பவேண்டாம். மின்சாரத்தை நிறுத்தின பிறகும் கப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், அடித்துவிடும்.

ஏப்ரல் 18

வாரண்டி அட்டையைப் பொடி எழுத்துவரை படித்தேன். முழு ஏசிக்கு ஒரு வருஷம், கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருஷம். கேஸ், கூலி, ஏற்றி இறக்கும் செலவு சேராது. அதாவது கம்ப்ரஸர் இலவசமாக வந்தாலும் பில் வரும். வருஷ ஒப்பந்தத்திலும் இரண்டு வகை: ஒன்றில் பாகங்களும் சேரும், மற்றதில் கழுவித் துடைப்பது மட்டும்.

அத்தை வீட்டு ஏசிக்கு 12 வயது, பழைய ஆர்22 கேஸ் வகை. இப்போது எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டதாம். ரிப்பேர் செலவு புது ஏசியின் பாதி விலையைத் தாண்டுகிறது. விட்டுவிடுங்கள் என்றேன். ஆர்22 ஓசோனைக் கெடுப்பது, மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் ஒழித்துக்கட்டி வருகிறார்கள். வருஷம் போகப்போக கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும். ஐந்து வயது ஏசி என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 27

உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடியுமா என்று வயிற்றில் புளி கரைத்தது. வடிகால் குழாயில் பாசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். வெளி நுனியில் வேக்யூம் கிளீனரை வைத்து இழுத்தேன், வழுக்கலாக ஒரு கட்டி வந்து விழுந்தது. செலவு: ஒரு பழைய துணி.

கையோடு தெர்மாமீட்டரும் வைத்தேன். 29, 18. ஃபிளேர் நட்டில் சோப்பு நுரை தடவிப் பத்து நிமிஷம் பார்த்தேன், குமிழி இல்லை.

அப்பா 13ஆம் தேதி பில்லின் பின்பக்கம் '1.05 கிலோ' என்று எழுதி, கீழே இன்றைய தேதியும் 11 டிகிரியும் குறித்து, ஃபைலைக் கட்டி வைத்தார்.