ஒலிபெருக்கிக்காரன் கேட்ட மடி வாட்டர்ஸ்

புதிதாக ஸ்பீக்கர் பெட்டி வாங்கினால் நான் முதலில் போட்டுப் பார்ப்பது 'ஃபோக் சிங்கர்' அல்பத்தைத்தான். 1964இல் சிக்காகோவின் செஸ் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசையைப் பாடிய மடி வாட்டர்ஸ் அதில் பல இடங்களில் கதைப்பது போலவே பாடுவார். அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லில் குரல் சட்டென்று உரத்து எழும். நல்ல பெட்டி என்றால் இரண்டும் அதனதன் அளவில் வந்து சேரும். கூடாத பெட்டி என்றால் தாழ்ந்த இடம் காணாமற்போகும், உரத்த இடம் கிழியும். இரண்டாவது கிற்றாரில் அப்போது 27 வயதே ஆன படி கை, டபுள் பேஸில் வில்லி டிக்சன், ட்ரம்ஸில் கிளிஃப்டன் ஜேம்ஸ். கிற்றார் இரண்டும் மின்சாரம் இல்லாதவை. எத்தனையோ நாட்டு ஒலிப் பிரியர்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்க இந்த இசைத்தட்டைத்தான் எடுக்கிறார்கள்.

திருகோணமலையில் எங்கள் தொழில் ஒலிபெருக்கி வாடகை. அப்பா தொடங்கியது. பத்திரகாளி அம்மன் கோயில் பக்கத்துத் திருவிழாக்கள், கல்யாண வீடுகள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகள் என்று வருடம் ஓடும். மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டார் வரும் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவோம். அப்படி ஒரு ஹோட்டலில், வந்திருந்த ஒருவர் தன் பென் டிரைவைத் தந்து போடச் சொன்னபோதுதான் மடி வாட்டர்ஸ் எனக்கு அறிமுகம். அன்றிலிருந்து விடவில்லை.

ஒலிபெருக்கி என்றால் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சத்தத்தைக் கூட்ட ஒரு குமிழைத் திருப்பினால் போதும். மெல்லப் பாடுகிற ஒருவரை, மெல்லப் பாடுகிறார் என்பது விளங்கும்படியே கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோவதுதான் கஷ்டம். மடி வாட்டர்ஸ் மின்சாரத்தை அதற்குத்தான் எடுத்தார் என்பது என் நம்பிக்கை. அவருடைய அல்பங்களை நான் அந்தக் காதோடுதான் கேட்கிறேன்.

மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். இயற்பெயர் மக்கின்லி மோர்கன்ஃபீல்ட். 1941இல் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த அலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கு வந்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைப் பாடவைத்துப் பதிந்தார். தன் குரல் இசைத்தட்டிலிருந்து திரும்பி வருவதை அவர் கேட்டது அப்போதுதான். கோயிலில் முதல்தரம் மைக் பிடிக்கும் பிள்ளைகளிடம் இதை நான் பார்த்திருக்கிறேன். தேவாரத்தின் முதல் அடி கூம்பு ஸ்பீக்கரில் கேட்டதும் இரண்டாவது அடியில் குரல் நிமிர்ந்துவிடும். மடி வாட்டர்ஸ் 1943இல் சிக்காகோவுக்கே போய்விட்டார்.

அங்கே மதுச்சாலைகளில் இரைச்சல். மரக் கிற்றார் இரண்டாவது மேசைக்குக்கூடக் கேட்காது. மின் கிற்றாருக்கு மாறினார். 1948இல் வந்த 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டில் ஆள் இரண்டே பேர்: இவரும் பேஸ் வாசித்த பிக் க்ராஃபோர்டும். விரலில் மாட்டிய ஸ்லைட் குழாய் கம்பிமேல் வழுக்கும்போது கிற்றாரே அடுத்த வரியைப் பாடிவிடும். வாசிப்பு தோட்டத்தில் வாசித்த அதே வாசிப்புத்தான். இப்போது அது கடைசி மேசை வரைக்கும் போனது.

அந்தக் காலத்தில் அவர் பதிந்ததெல்லாம் ஒற்றைப் பாட்டுகள். பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள். அல்பம் என்று ஒன்று வந்தது 1958இல், 'த பெஸ்ட் ஒஃப் மடி வாட்டர்ஸ்'. 1948 முதல் 1954 வரை பதிந்த 12 பாட்டுகளைத் திரட்டிப் போட்டது. தொகுப்புத்தானே என்று இதைத் தாண்டிப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை. 'ரோலிங் ஸ்டோன்' இதில்தான் இருக்கிறது. ஒரே குரல், ஒரே கிற்றார், நடுவில் அவர் வேண்டுமென்றே விட்டு வைத்த வெற்றிடம். லண்டனில் சில பொடியன்கள் தங்கள் இசைக்குழுவுக்குப் பெயர் எடுத்தது இந்தப் பாட்டிலிருந்துதான். வில்லி டிக்சன் எழுதிய 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டும் இதில் உண்டு. முழுக் குழுவும் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தும், அந்த இடைவெளியில் அவர் பாடுவார், திரும்ப ஒரு வெட்டு.

இந்த அல்பத்தில் லிட்டில் வால்டரின் ஹார்மோனிக்காவைத் தனியாகக் கவனியுங்கள். புதுப் பாடகர்கள் மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும்போது நான் சத்தம் போடுவேன்: "தம்பி, பொத்தாதீங்க, கூவும்." பொத்தினால் காற்று அடைபட்டுக் குரல் தடித்துவிடும், ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கும். லிட்டில் வால்டர் மைக்கையும் ஹார்மோனிக்காவையும் சேர்த்து இரண்டு கைக்குள்ளும் அடைத்து, ஆம்பிளிஃபயரில் விட்டு ஊதினார். நாங்கள் கூடாது என்று தடுக்கிற அதே தடிப்பு அவர் கையில் புது வாத்தியமாக மாறியது. உள்ளங்கையைச் சற்றுத் திறந்தால் ஒலி மெலியும், மூடினால் திரண்டு வரும். இயர்போனில் கேட்டால் கை திறந்து மூடுவதே தெரியும்.

1960 ஜூலை 3இல் பதிந்தது 'அட் நியூபோர்ட்'. ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், முந்தின நாள் இரவு டிக்கட் கிடைக்காத இளைஞர் கூட்டம் கலவரம் செய்ய, மிச்ச நிகழ்ச்சிகளை நகர சபை நிறுத்திவிட்டது. ஞாயிறு பிற்பகல் புளூஸ் நிகழ்ச்சி மட்டும் நடந்தது. பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான், ஹார்மோனிக்காவில் ஜேம்ஸ் கொட்டன். திறந்தவெளிப் பதிவு என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். காற்று ஒலியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் கடற்கரையில் அதை அனுபவித்திருக்கிறேன். இந்தப் பதிவில் ஒன்றும் சிதறவில்லை. 'கொட் மை மோஜோ வொர்க்கிங்' பாட்டைச் சனம் விடவில்லை, இரண்டாம் தரமும் பாடவைத்தார்கள். விழாவுக்கு விடை சொல்லும் கடைசிப் பாட்டின் வரிகளைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். பாடியது ஸ்பான்.

அப்புறம் கம்பனி அவரை விதவிதமாக உடுத்திப் பார்த்த காலம். கல்லூரி இளைஞர்கள் நாட்டுப்புறப் பாட்டின் பின்னால் போனதால்தான் 'ஃபோக் சிங்கர்' வந்தது. அந்த உடுப்பு பொருந்திவிட்டது. 1968இல் வந்த 'எலெக்ட்ரிக் மட்' பொருந்தவில்லை. நிறுவனர் லெனார்ட் செஸ்ஸின் மகன் மார்ஷல் செஸ், ஹிப்பிக் காலத்துக் காதுகளுக்காக, காலால் மிதித்துக் கிற்றார் ஒலியை மாற்றும் வா-வா பெடலும் கரகரப்பும் கூட்டிச் செய்தது. கிற்றார் வாசித்த பீட் கோசி பெரிய கலைஞர், அதில் கேள்வியே இல்லை. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் சக் டி போன்றவர்கள் பின்னாளில் இந்த அல்பத்தைக் கொண்டாடினார்கள். எனக்கு முடியவில்லை. எல்லாக் குமிழும் மேலே ஏறிவிட்டதால் குரல் தாழ்வதற்கு இடமில்லை. மடி வாட்டர்ஸும் இதை விரும்பவில்லை. தன் குழுவை வைத்து மேடையில் வாசிக்க முடியாததைப் பதிந்து என்ன பயன் என்பது அவருடைய மனக்குறை. மேடையிலேயே பிழைப்பு நடத்தியவர் வேறென்ன சொல்வார்?

அடுத்த வருடமே 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்'. மைக் புளூம்ஃபீல்ட், போல் பட்டர்ஃபீல்ட் ஆகிய இளைய வெள்ளையர்கள் அவருடைய பழைய பாட்டுகளை அவரோடு சேர்ந்து மரியாதையாக வாசித்தார்கள். நல்ல அல்பம். பிறகு லண்டனில் செய்த அல்பத்தை, அதில் வாசித்த ஐரிஷ் கிற்றார்காரர் ரோரி கலஹருக்காக ஒருதரம் கேட்கலாம். 1975இன் 'வுட்ஸ்டொக் அல்பம்' செஸ்ஸில் அவருடைய கடைசி. கிராமி விருது வாங்கியது, ஆனாலும் நான் அதிகம் தேடிப் போவதில்லை.

'ஹார்ட் அகெய்ன்' பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 1977. தயாரித்தவர் ஜானி வின்டர், மடியின் பாட்டைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த டெக்ஸஸ் கிற்றார்காரர். கனெக்டிகட்டில் ஒரு ஸ்டூடியோவில், குழு முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்து, மூன்றே நாளில் பதிந்து முடித்தார்கள். ஜேம்ஸ் கொட்டன் திரும்பி வந்திருந்தார். பியானோவில் பைன்டொப் பெர்கின்ஸ், ட்ரம்ஸில் வில்லி ஸ்மித். மடிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

முதல் பாட்டு 'மானிஷ் போய்'. தொடக்கத்தில் வாத்தியமே இல்லை, அவர் குரல் மட்டும். பின்னால் எங்கேயோ நின்று வின்டர் கத்துகிறார். மைக்குக்கு எட்டத்தில் நின்று கத்துவது அப்படியே தெரிகிறது. பிறகு ட்ரம்ஸ் விழுகிறது. ஒவ்வொரு வரிக்கும் அறையில் உள்ளவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அந்த அறை எவ்வளவு பெரியது, யார் கிட்ட நிற்கிறார், யார் சுவரோடு நிற்கிறார் என்று என்னால் கையால் காட்ட முடியும். வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் இது வரவே வராது. ஒருவருடைய மைக்கில் மற்றவர் கொஞ்சம் ஒழுகி விழ வேண்டும். என்னிடம் வேலை பழகும் பொடியன் முதல்தரம் கேட்டுவிட்டு, "அண்ணா, இது மேடையில எடுத்ததா?" என்றான். இல்லை என்றேன், நம்பவில்லை.

அதே கூட்டணி 1978இல் 'ஐம் ரெடி', அடுத்த வருடம் ஒரு மேடைப் பதிவு, 1981இல் 'கிங் பீ' என்று தொடர்ந்தது. கடைசி அல்பத்தின்போது அவருக்கு உடம்பு சரியில்லை, குழுவுக்குள் காசுப் பிரச்சினையும் இருந்தது. பாட்டுகள் போதாமல் 'ஹார்ட் அகெய்ன்' பதிவில் மிஞ்சியிருந்த இரண்டையும் சேர்த்துத்தான் தட்டை நிரப்பினார்கள். 1983 ஏப்ரல் 30இல் அவர் இறந்தார். 'கிங் பீ'யை மற்ற மூன்றுக்கும் கீழேதான் எல்லோரும் வைக்கிறார்கள். குழு பழையபடி இறுகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் குரல் வருகிற இடங்களில், அந்த நோயிலும், தாழ்ந்த சொல் ஒன்றுகூட விழுங்கப்படவில்லை.