நடைபயிற்சிக்காரர்களுக்கு வரலாறு எழுதுவது

சென்னை தி.நகரில் ஒரு பூங்காவுக்குள் அந்தப் பகுதியின் வரலாற்றைச் சொல்லும் சின்ன மண்டபம் ஒன்றைப் போட்டார்கள், அதன் பேனல்களுக்கு எழுதும் வேலை எனக்கு வந்தது. மியூசியத்துக்குப் போகிறவர் பார்க்கவென்றே போகிறார். பூங்காவுக்கு வருகிறவர் சர்க்கரையைக் குறைக்க வருகிறார், அவரை நிறுத்த வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள்.

நான் ஆசைப்பட்டு எழுதியது, 1920களில் சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியின் கதை. பேட்டைக்கே பிட்டி தியாகராயர் பெயர், பூங்காக்களுக்குப் பனகல் அரசர், நடேச முதலியார், கடைத்தெருவுக்கு சௌந்தரபாண்டியனார் என்று ஒரு கட்சியின் வருகைப் பதிவேடே தெருத்தெருவாக விரிந்து கிடக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் இரண்டு வரிக்கு மேல் யாரும் படிக்கவில்லை. கூட்டம் நின்றது ஓரத்தில், மின்சாரப் பெட்டியை மறைக்க வைத்த வரைபடத்தின் முன்னால்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து நீண்டு கிடந்த ஏரியின் படம் அது. 1923-இல் கரையை உடைத்து நீரை வடித்து, அங்கே மனை பிரித்ததில் வந்ததுதான் தி.நகர். வடக்கே மிச்சமிருந்த ஏரிப் பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. படத்தில் எல்லோரும் முதலில் தேடுவது தன் வீட்டை. "சார், எங்க தெரு தண்ணிக்குள்ள வருதா, கரையில வருதா?" அது தெரிந்ததும் பேச்சு நேராக 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2021 நவம்பர் வெள்ளத்துக்கும் தாவிவிடும். முட்டிவரை வந்ததா இடுப்புவரையா, எந்த ஃப்ளாட்டில் மோட்டார் போச்சு, யார் கார் மிதந்தது என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருப்பார்கள், வாக்கிங் அதோடு போச்சு.

வெயிலில் அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலம் தாங்கும். சாலைகளைச் சிவப்பில் போட்டிருந்தோம். கோடை முடிந்தபோது உஸ்மான் சாலையே மங்கிப்போய் ஏரி மட்டும் பளிச்சென்று இருந்தது! அலுவலகத்தில் அதைக் குறை என்றார்கள், பூங்காவில் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

இப்போது மறு அச்சு. வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து அடையாற்றை நோக்கிப் போகும் மாம்பலம் கால்வாயையும் படத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன், மழை பெய்தால் தி.நகர்த் தண்ணீர் வெளியேற அதை நம்பித்தான் இருக்கிறது. இடமில்லை என்கிறார்கள். தலைவர்கள் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் தாராளமாக இருக்கிறது.