அம்மாவுக்குத் தெரிந்த ஓடை

2021 நவம்பர். அந்த மாதம் முழுக்க மழை. மாமா வீட்டு வளைகாப்புக்காகச் செங்கல்பட்டிலிருந்து காரில் கிளம்பினோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, அங்கிருந்து தண்டராம்பட்டு சாலை. மாமா ஊர் அந்தப் பக்கம்தான். அம்மா பிறந்து வளர்ந்த ஊரும் அதுதான். பின் சீட்டில் அம்மாவும் ஆறு வயது மகளும், பக்கத்தில் மனைவி. திருவண்ணாமலையில் டீ குடித்துவிட்டு ஏறும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் மேப் ஒரு கிளைச் சாலையில் திரும்பச் சொன்னது. 11 நிமிடம் மிச்சமாகும் என்று காட்டியது.

"அந்த வழி வேணாம்பா. மழைன்னா ஓடையில தண்ணி வந்துடும். நேராவே போ" என்றாள் அம்மா.

"ரோடு மூடியிருந்தா மேப்லயே காட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். பள்ளிக்கூடம் போகும்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஓடையைத் தாண்டியவள் அவள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போனதும் தரைப்பாலம். ஹெட்லைட் வெளிச்சத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. "என்னங்க, தண்ணி ஓடுதே" என்றாள் மனைவி. வண்டியை நிறுத்தினேன். தண்ணீரைப் பார்த்தேன், பிறகு ஃபோனைப் பார்த்தேன். நீலக்கோடு அக்கரைக்கு நேராகப் போயிருந்தது. முதல் கியரைப் போட்டேன்.

அந்தச் சில விநாடிகளை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்ததல்ல அது. கண்ணெதிரே தண்ணீர், காதில் இரண்டு பேர் சொன்ன வார்த்தை. அத்தனையும் இருந்தும் ஃபோன் திரையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

முன் சக்கரங்கள் இறங்கியதும் வண்டிக்கு அடியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. அக்கரையில் யாரோ டார்ச்சை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினேன். "வராதப்பா! நடுவுல பாலமே இல்ல, அடிச்சிக்கினு போயிடுச்சு!" ரிவர்ஸ் போட்டதும் சக்கரம் ஒரு முறை வழுக்கியது. மகள் அழ ஆரம்பித்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது, மேலே ஏறிவிட்டோம். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே சின்ன காரைத் தள்ளிவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பிறகுதான் படித்தேன்.

மாமா வீட்டில் நுழைந்ததும் மகள் எல்லாரிடமும் ஓடி ஓடிச் சொன்னாள்: "மேப் தப்பா காட்டிடுச்சு!" எல்லாரும் ஆமாம் என்றார்கள், ஆளுக்கொரு மேப் கதை சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்று வருடம் அந்தக் கதை அப்படியே இருந்தது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, மேப் காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்பட்ட கார் ஒன்று உடைந்த பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஏற்கெனவே வெள்ளத்தில் ஒரு பகுதியை இழந்த பாலம் அது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவானது. அது சரிதான், பாலம் இல்லாத இடத்தில் தடுப்பு வைக்க வேண்டியது அவர்கள் கடமை. இறந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களை எச்சரிக்க அங்கே ஆள் இருந்திருந்தால்? எனக்கு மூன்று பேர் இருந்தார்கள்.

அந்தச் செய்தியைப் பார்த்த இரவு, மேப் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். சாலையில் நகரும் ஃபோன்களின் வேகத்தை வைத்துத்தான் அது நெரிசலைக் கணக்கிடுகிறது. நம் ஊர் ஓடைச் சாலையில் மழை இரவில் எத்தனை ஃபோன் போகும்? ஒருவரும் போகவில்லையென்றால், தண்ணீருக்குப் பயந்து போகவில்லை என்று அதற்குத் தெரிய வழியில்லை. யாராவது சொன்னால்தான் தெரியும். என் காரிலேயே ஒருத்தி சொன்னாள்.

அடுத்த மாதமே எங்கள் பக்கம் தென்பெண்ணை வெள்ளத்தில், அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. செய்தி பார்த்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். எந்த வழி திறந்திருக்கிறது என்று ஊர்க்காரரிடம் கேட்காமல் மழைக்காலத்தில் இப்போது நான் கிளம்புவதே இல்லை. மேப்பையும் விடவில்லை. திருவண்ணாமலை பௌர்ணமி நெரிசலில் அது எனக்கு நிஜமாகவே உதவுகிறது.

2025 பொங்கலுக்குப் போனபோது அதே ஓடைக்கு மகளைக் கூட்டிப் போனேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர். புதிதாகப் போட்ட காங்கிரீட் நடுவில் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"அன்னைக்கு மேப் தப்பு பண்ணலம்மா. ஆயா போகாதேன்னு சொன்னாங்க. அப்பாதான் கேட்கல" என்றேன்.

அவள் வெளுத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆயாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

சொல்லவில்லை. அன்று மாலை திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். நாரை இழுத்து முடிச்சைப் போட்டுவிட்டு, "டார்ச் அடிச்சாரே, அவரு வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுப்பா" என்றாள்.