அம்மாவின் பால்மாப் பையும் இரண்டு வருடக் கணக்கும்

அம்மாவுக்கு மார்பில் கட்டி. 2023 மார்ச்சில் வெட்டி எடுத்தார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். சதைப் பரிசோதனை அறிக்கையைக் கிளினிக்கில் கேட்ட நேரமெல்லாம் "வந்தா சொல்லுவம்" என்றார்கள். டிசம்பரில் அதே இடத்தில் திரும்பக் கட்டி. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கே டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "பழைய ரிப்போர்ட் எங்க?" என்பதுதான்.

அந்த ஒரு தாளுக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிப் பதிவறைக்குப் போனேன். முதல் நாள் பொறுப்பானவர் லீவு. இரண்டாம் நாள் இருந்தார், ஆனால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆள், தங்கச்சி" என்றார். அட்டையில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. வார்டில் சேர்த்த அன்று கூடப் போன சின்னம்மா தாத்தாவின் பெயரைச் சொல்லியிருக்கிறா. ஒரே ஒரு எழுத்து! இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி எல்லாம் எடுக்க இன்னும் மூன்று நாள் போனது. ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போது அடையாள அட்டையை நீட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

அதற்குப் பிறகும் அம்மாவின் மருத்துவக் கோவை "தேடுறம்" என்ற நிலையிலேயே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். நிராகரித்தார்கள். இந்த முறை பிழை என்னுடையது. இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், ஒருவருடைய மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுக்க அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மகள் என்றாலும் மற்றவர்தான். அம்மாவின் கையெழுத்தோடு திரும்பப் போட்டேன், தமிழில்தான். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற விதியை அந்தக் கந்தோரில் நானே வாசித்துக் காட்ட வேண்டி வந்தது.

கடைசியில் கோவையைக் கண்டுபிடிக்க வைத்தது அம்மாதான். 2009 இல் பிறப்புச் சாட்சிப்பத்திரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவ. அதற்குப் பிறகு ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட எறியமாட்டா. பழைய பால்மாப் பை ஒன்றுக்குள் எல்லாம் கிடக்கும். அதற்குள் இருந்த கிளினிக் கொப்பியின் பின்மட்டையில், நீலப் பேனையால் யாரோ ஒரு தாதி எழுதிவிட்ட ஆய்வுகூட இலக்கம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கால் மணித்தியாலத்தில் அறிக்கை மேசைக்கு வந்தது. வெட்டிய சதையின் விளிம்பில் புற்றுக்கலங்கள் இருப்பதாக, அதாவது புற்று முழுதாக எடுபடாமல் இருக்கலாம் என்று, 2023 ஏப்ரலிலேயே எழுதியிருக்கிறார்கள். வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்துக்கூட அதில் இல்லை. அந்த மேசைக்கு முன்னாலேயே நின்று அழுதேன்.

கிளிநொச்சியில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அதைக் கொண்டுபோக, சட்டத்தரணி அக்கா அறிக்கையைப் புரட்டமுதல் கேட்டது, "ஒப்பரேசன் எப்ப நடந்தது?" சுவர்க் கலண்டரில் விரலை வைத்து எண்ணினா. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான் தவணை. அறிக்கை எப்போது கையில் கிடைத்தது என்றெல்லாம் பிறகு வாதாடலாம், நாங்கள் ஒப்பரேசன் நடந்த நாளில் இருந்து எண்ணுவோம் என்றா. அரச ஆஸ்பத்திரி என்பதால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு வருடம் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள், கையில் இருப்பது இருபத்து மூன்று மாதம்.

மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். அது டொக்டரின் பதிவைப் பற்றிய விசாரணை, நட்டஈடு அங்கே கிடைக்காது.

பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் வெல்ல முடியாதாம். பிள்ளையொன்றின் மூளைக் கட்டி பற்றிய வழக்கில் 2001 இல் உச்ச நீதிமன்றம், கவனக்குறைவு இருந்தாலும் மரணம் அதனால்தான் என்று நிறுவப்படவில்லை என்று நட்டஈட்டை மறுத்திருக்கிறது. அறிக்கையை அப்போதே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள், எது தவிர்ந்திருக்கும் என்று இன்னொரு டொக்டர் எழுதித் தர வேண்டும். இரண்டு பேர் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்றவர், எழுதித் தந்தார். சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை அழிக்க வேண்டாம் என்று ஆய்வுகூடத்துக்கு உடனே கடிதம் போடச் சொன்னதும் அவர்தான். எனக்கு அது தோன்றியே இருக்காது.

2025 பெப்ரவரி கடைசியில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பதிந்தோம். தவணை முடிய ஒன்பது நாள் மிச்சம். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"கொப்பியைத் திருப்பி வாங்கினியோ?"

பிரதிதான் கொடுத்தது, மூலம் இந்தா என்று நீட்டினேன். வாங்கிப் பைக்குள் வைத்து, வாயைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டா.